லோடிங் திரையில் நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

காட்பாடியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வேலூர்க் கோட்டையை வைத்து ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறோம். முதல் பதிப்பைச் சத்துவாச்சாரியில் இருக்கும் அக்கா மகனின் பழைய போனில் போட்டுக் கொடுத்தேன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை லோடிங் திரையில், அதாவது கேம் போனில் ஏறும்வரை காட்டும் திரையில், ஐந்து வரியாக எழுதியிருந்தோம். பையன் இரண்டாம் வரியைப் படிப்பதற்குள் திரை மாறிவிட்டது. "மாமா, அப்புறம் என்னாச்சு?" என்றான்.

லோடிங் முடிந்த நொடியில் ஆளை உள்ளே தள்ளிவிடாதீர்கள். 'உள்ளே போக திரையைத் தொடவும்' என்று காட்டிக் காத்திருங்கள். அவசரக்காரர் உடனே போவார், படிப்பவர் படித்து முடிப்பார். படிக்கட்டும் என்று லோடிங்கையே இழுப்பது இன்னும் மோசம். அது ஆடுபவரின் நேரம்.

அழகுக்காகக் கோட்டையின் முப்பரிமாண மாடலைச் சுழலவிட்டிருந்தோம். அதையே முதலில் மெமரியில் ஏற்ற வேண்டியிருந்ததால் காத்திருப்பு கூடிப்போனது. போதாக்குறைக்கு, மீதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றியதால் மாடல் பாதிச் சுற்றில் உறைந்து நின்றது. போன் ஹேங் ஆகிவிட்டது என்று பையன் கேமையே மூடிவிட்டான். ஏற்ற வேண்டியதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எவ்வளவு ஏறியது என்று காட்டி, 99 சதவீதத்தில் நின்றுவிடும் பட்டையும் இதே பயத்தைத்தான் கிளப்பும்.

காப்புரிமைச் சிக்கல் வருமோ என்று லோடிங் திரையில் குட்டி கேம் வைக்கத் தயங்குபவர்கள் உண்டு. பிளேஸ்டேஷனில் வந்த ரிட்ஜ் ரேசர் என்ற கார்ப் பந்தய கேமில் லோடிங்கின்போது கேலக்ஸியன் என்ற பழைய சுடும் கேமை ஆடலாம். இந்த உத்திக்கு 1995-இல் விண்ணப்பித்து, அந்த கேமைச் செய்த நாம்கோ நிறுவனம் காப்புரிமை வாங்கியது. 2015-இலேயே அது காலாவதியாகிவிட்டது, தாராளமாக வையுங்கள். கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலைகள் கிடந்ததாக ஊரில் சொல்வார்கள். இப்போது எங்கள் லோடிங் திரையில் தலைதூக்கும் முதலையைத் தட்ட வேண்டும். ஒரு படம், ஒரு சத்தம், அவ்வளவுதான். பாயிண்ட் கிடையாது, இருந்தால், நல்ல ஆட்டத்தின் நடுவே லோடிங் முடியும்போது வயிறெரியும்.

லோடிங் திரையில் தமிழில் குறிப்பு போடுபவர்களுக்கு ஒன்று. எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி இல்லாத இடத்தில் 'கோட்டை' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தது, அக்கா மகன் போனில் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு குறிப்பையும் போனில் திறந்து பார்த்துவிட்டு வெளியிடுங்கள். சரிவரவில்லை என்றால் அந்த வரிகளைப் படமாகவே வைத்துவிடுங்கள்.