பிரான்ஸில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோருக்கு விசா எடுப்பது எப்படி

பெற்றோரைக் கொஞ்ச நாள் வரவழைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளை முதலில் போக வேண்டிய இடம் தன் ஊர் மேரி, அதாவது நகராட்சி அலுவலகம். அங்கே 'அத்தெஸ்தாசியோன் தாக்கெய்' என்ற சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். "இவர் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என் வீட்டில் தங்குவார், அவரிடம் பணம் போதாவிட்டால் செலவை நான் ஏற்கிறேன்" என்று பிள்ளை கையெழுத்திட்டு, மேயர் ஒப்புதல் தரும் தாள் அது. ஓட்டலில் தங்கப்போகிறவருக்கு இது வேண்டாம், அறை முன்பதிவு போதும். வீட்டில் தங்குபவருக்கு இது இல்லாமல் விண்ணப்பம் நகராது.

மேரிக்கு அழைப்பவரே நேரில் போக வேண்டும். பல ஊர்களில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்யாமல் உள்ளே விடமாட்டார்கள். அடையாள அட்டை அல்லது செல்லுபடியாகும் வதிவிட அனுமதி அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், அண்மைய மின்சார பில் போன்ற முகவரிச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், வருமான வரி அறிவிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மேரிக்கு மேரி பட்டியல் சற்று மாறும். அந்த ஊரின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 30 யூரோ வரிமுத்திரையும் வேண்டும். அதை இணையத்திலோ புகையிலைக் கடையிலோ வாங்கலாம். சான்று மறுக்கப்பட்டாலும் அந்த 30 யூரோ திரும்பாது.

அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து ஒரே சான்று கிடைக்கும். கூடவே அத்தையோ மாமாவோ வந்தால் அவர்களுக்குத் தனிச் சான்று, தனி முத்திரை. வீடு சின்னது, ஆள் அதிகம் என்று தோன்றினால், உங்கள் சம்மதத்தோடு நேரில் வந்து பார்க்கவும் மேரிக்கு உரிமை உண்டு. ஒற்றை அறை வீட்டில் நான்கு பேர் இருந்துகொண்டு இன்னும் இருவரை அழைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால் மறுத்ததாக அர்த்தம். அப்போது இரண்டு மாதத்துக்குள், மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான பிரெஃபெவிடம் முறையிட வேண்டும்.

தேதியை எழுதும்போது நிதானம் தேவை. குறுகிய கால விசாவின் உச்சவரம்பு 90 நாள். மூன்று மாதம் வேறு, 90 நாள் வேறு. ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணிப் பாருங்கள், 92 வரும். வந்து இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். ஜூலை 1 வந்தால் செப்டம்பர் 28 கிளம்பியாக வேண்டும்.

பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது தமிழர்களுக்கே உரியது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். வங்கிக் கணக்கிலோ வெறும் இனிஷியல்தான். மேரி ஊழியருக்கு நீங்கள் வாயால் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலைக் கொடுத்து, அதைப் பார்த்தே அடிக்கச் சொல்லுங்கள். சான்று, காப்பீடு, விமானப் பதிவு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரட்டும். பாஸ்போர்ட்டில் விரிக்கப்படாத இனிஷியலை நீங்களாக விரிக்க வேண்டாம்.

சான்றின் அசலைக் கூரியரில் ஊருக்கு அனுப்புங்கள். விசா மையத்தில் அசலைக் காட்டி நகலைக் கொடுத்துவிட்டு, அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பாரிஸ் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் கேட்பது அந்த அசலைத்தான்.

இனி பெற்றோரின் பக்கம். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரத்தில் புதிய புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். அதைப் பிள்ளை பிரான்ஸிலேயே எடுத்துக்கொடுத்தாலும் ஏற்பார்கள். விமான டிக்கெட்டுக்கு முன்பதிவு காட்டினால் போதும். பணம் திரும்பாத டிக்கெட்டை விசா கைக்கு வருமுன் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம்.

உறவை நிரூபிக்கப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து இணையுங்கள். பிள்ளையின் வதிவிட அட்டை நகலும் சம்பளச் சீட்டுகளும் கூடவே போகட்டும்.

கோப்பு பலமாகவோ பலவீனமாகவோ ஆவது பணத்தாள்களில்தான். பிள்ளை செலவை ஏற்றாலும் பெற்றோரின் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். கடைசி 3 மாத ஸ்டேட்மென்ட் வங்கி முத்திரையோடு இருக்கட்டும். மாதாமாதம் பென்ஷன் வந்து, கொஞ்சம் செலவாகி, கொஞ்சம் மிஞ்சும் சாதாரணக் கணக்கு நம்பிக்கை தரும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென ஐந்து லட்சம் வந்து விழுந்த கணக்கு சந்தேகத்தைக் கிளப்பும். அப்படி வந்தே ஆக வேண்டுமென்றால், எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு தாள் சேருங்கள். பென்ஷன் ஆணை, நிரந்தர வைப்புச் சான்று, வீட்டுப் பத்திரம், விவசாயி என்றால் பட்டா, வருமான வரிக் கணக்கு, வேலையில் இருப்பவர் என்றால் விடுப்புக் கடிதம் என எல்லாமே ஒரே கேள்விக்கான பதில்: இவர் ஊருக்குத் திரும்பி வருவாரா? மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி தென்படும் காரணமும் இந்தச் சந்தேகம்தான். ஊரில் இன்னொரு பிள்ளை, பராமரிக்க வேண்டிய நிலம், அடுத்த மாதம் மருத்துவரிடம் போக வேண்டிய தேதி என்று எது உண்மையோ அதை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிச் சேருங்கள். நீட்டி முழக்க வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்தைப் பிரான்ஸ் அரசின் 'பிரான்ஸ் விசாஸ்' இணையதளத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட வேண்டும். அங்கே கிடைக்கும் எண்ணை வைத்து, விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில் நேரம் பதியலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் தாமதம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் ஆய்வு என்றால் 45 நாள்வரை ஆகும். கோடைப் பயணத்துக்கு எல்லோரும் ஏப்ரல், மே மாதங்களில் மொய்ப்பார்கள், முந்திக்கொள்ளுங்கள். கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் கட்டணம் திரும்பாது.

விரல்ரேகை தர நேரில் போயாக வேண்டும். விரலில் மருதாணியோ வெட்டுக்காயமோ இருந்தால் கருவி எடுக்கத் தடுமாறும். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். 'எந்தத் தேதிவரை' என்பது ஒன்று, 'எத்தனை நாள்' என்பது இன்னொன்று. பெரும்பாலும் தேதி இடைவெளி 15 நாள் தாராளமாகவே இருக்கும். ஆனால் 60 நாள் என்று போட்டிருந்தால் 60 நாள்தான். கடைசித் தேதியை மட்டும் பார்த்துத் தங்கிவிடுவது அத்துமீறல், அடுத்த விசாவுக்கு அதுவே முட்டுக்கட்டையாகும். நுழைவு எண்ணிக்கை ஒன்று என்றிருந்தால், நடுவில் லண்டன் போய்விட்டுத் திரும்ப முடியாது. சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் ஷெங்கனுக்குள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மறுத்தால் கடிதத்தில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள விசாத் துறை அதிகாரிக்குப் பிரெஞ்சில் மேல்முறையீடு எழுதலாம். விடுபட்டது ஒரு தாள் மட்டும் என்றால், அதைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பது பெரும்பாலும் விரைவு.

பயண நாளில் சான்றின் அசல், காப்பீடு, திரும்பும் டிக்கெட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில் எல்லையில் முகப்படம் எடுத்து, வரவையும் போக்கையும் கணினியில் பதிகிறார்கள். நாள் கணக்கில் இனி கண்ணாமூச்சி நடக்காது.

பெட்டியில் நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அது தேவையில்லை. மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, மூன்று மாதத்துக்கு மிகாமல் எடுத்து வாருங்கள். 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

வந்த இடத்தில் பெற்றோர் நோயில் விழுந்து, மருத்துவர் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால், விசா முடிவதற்கு முன்பே மருத்துவச் சான்றோடு பிரெஃபெவின் அலுவலகமான பிரெஃபெக்சருக்குப் போய் நீட்டிப்புக் கேளுங்கள். பேரப்பிள்ளை பிறக்கும் தேதி தள்ளிப்போனது போன்ற காரணங்களுக்கு அங்கே எளிதில் இசையமாட்டார்கள்.