மைக்ரோவேவில் காய்ந்த கறையா? சுரண்டாதீர்கள்
மைக்ரோவேவுக்குள் தெறித்துக் காய்ந்த கறை ஆவி பட்டாலே இளகிவிடும். வாயகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் 1 கப் தண்ணீர், 2 மேசைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். மரக்கரண்டி ஒன்றையும் அதில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கொதிப்பது வெளியே தெரியாமலே சூடேறி, தொட்டதும் பொங்கித் தெறிக்கும். முழுச் சூட்டில் 3 நிமிடம். நின்றதும் கதவைத் திறக்காமல் 5 நிமிடம் விடுங்கள், கறையை ஊறவைப்பதே அந்த ஆவிதான். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் வழித்துக்கொண்டு வரும்.

பிடிவாதமாக நிற்கும் இடத்தில் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம். பூச்சு கீறினால் துருப்பிடிக்கும். உள்சுவரில் அட்டை போல இருக்கும் மைக்கா தகட்டை நனைக்காமல் மெதுவாக ஒற்றி எடுங்கள். அதில் எண்ணெய்ப்பிசுக்கு தங்கினால் கருகித் தீப்பொறி பறக்கும்.