வெள்ளை ஒயினில் சிப்பி: தயவுசெய்து ஊறப்போடாதீர்கள்

சென்ற சனிக்கிழமை, பிரான்ஸுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் விருந்துக்கு அழைத்திருந்தார். அடுப்படிக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. பாத்திரம் கழுவும் தொட்டி நிறையக் குழாய்த் தண்ணீர். அதற்குள் 2 கிலோ சிப்பி. "மண் கக்கட்டும் என்று நேற்று இரவே ஊறப்போட்டுவிட்டேன் அண்ணா" என்றார். வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் வெள்ளை ஒயினில் சிப்பி சமைக்கும்போது நாம் செய்யும் தவறுகளை எழுதுகிறேன்.

ஊறப்போடுவது

மற்ற தவறுகள் பெரும்பாலும் சுவையைத்தான் கெடுக்கும். இது சிப்பியையே கொன்றுவிடும்.

ஊரில் அம்மா மட்டியை ஊறப்போடுவார். மட்டி சேற்றுக்குள் புதைந்து வாழ்வது. அது மண் கக்கத்தான் வேண்டும். இங்கே கடையில் கிடைக்கும் 'மூல் த பூஷோ' என்ற சிப்பி அப்படியல்ல. கடல் ஏறி இறங்கும் கரையில் வரிசையாக நட்ட மரக்கம்பங்களில், தரைக்கு மேலே வளர்வது. பிரான்ஸின் வடமேற்குக் கரையிலுள்ள மோன் சான் மிஷேல் வளைகுடாவில் இப்படி வளரும் சிப்பிக்கு 2006-இல் பிறப்பிடச் சான்றே கிடைத்தது. தரையைத் தொடாமல் வளர்வதால் பூஷோ சிப்பியின் வயிற்றில் கக்குவதற்கு மண் இருப்பதில்லை.

கடலை விட்டு வெளியே வந்த சிப்பி ஓட்டை இறுக மூடி, உள்ளே பிடித்துவைத்த கொஞ்சம் கடல்நீரில் உயிரோடிருக்கும். உப்பில்லாத நீரில் அது தாக்குப்பிடிக்காது. தேங்கிய நீரில் மூச்சுக்கும் வழியில்லை. செத்த சிப்பி வெகுவிரைவில் கெடும். சாப்பிட்டால் வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

வந்த புதிதில் நான் வாங்கி ஊறப்போட்டது 3 கிலோ, ஆறு பேருக்கு. காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கத்திப்பிடியால் தட்டினேன். உயிருள்ள சிப்பி தட்டினால் மெல்ல மெல்ல ஓட்டை மூடும். கவனித்துப் பார்த்தால்தான் அந்த அசைவு தெரியும். என் கையிலிருந்தவை அசையவில்லை. முகர்ந்து பார்த்தேன், கடல் வாடை போய்ச் சாக்கடை வாடை. மூடியிருந்தவற்றையும் நம்ப மனம் வரவில்லை. மூன்று கிலோவும் குப்பைக்குப் போயிற்று. தம்பி வீட்டிலும் அதுவே நடந்தது. யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

வாங்கி வந்ததும் நெகிழிப்பையின் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். அகன்ற பாத்திரத்தில் கொட்டி, ஈரத்துணி போர்த்தி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடியில் தண்ணீர் சேர்ந்தால் வடித்துவிடுங்கள். அன்றே சமைப்பது நல்லது. மறுநாளைத் தாண்ட வேண்டாம். சமைக்கும் முன் ஓடும் நீரில் சட்டென்று அலசினால் போதும்.

சிப்பியின் நாரை முன்கூட்டியே பிடுங்குவது

ஓட்டின் விளிம்பில் தாடிபோல் தொங்கும் நாரைப் பிடுங்கினால் சிப்பிக்குக் காயம்படும், அதன்பின் வெகுநேரம் வைத்திருக்கக் கூடாது. அதனால் அடுப்பைப் பற்றவைக்கச் சற்று முன்புதான், ஓடுகள் இணையும் கூர்முனைப் பக்கமாக இழுத்து எடுங்கள்.

உப்பு

போடாதீர்கள். சிப்பிக்குள்ளேயே கடல் இருக்கிறது.

ஒயினை ஆறாக ஊற்றுவது

2 கிலோவுக்கு 200 மில்லி தாராளம். சிப்பி தானும் நீர் விடும். இனிப்பு ஒயின் வேண்டாம். லுவார் ஆறு கடலில் கலக்கும் பக்கத்து மியூஸ்காதே போன்ற, இனிப்பில்லாத ஒயின் போதும். விலை உயர்ந்த போத்தலை இதற்காகத் திறக்காதீர்கள்.

சின்னப் பாத்திரம், நீண்ட நேரம்

ஓடு திறக்க இடம் வேண்டும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நிறம் மாறாமல் வதங்கியதும் ஒயினை ஊற்றி, அது நன்றாகக் கொதித்த பிறகு சிப்பியைக் கொட்டி மூடுங்கள். தீ முழுவதும் எரியட்டும். நடுவில் ஒருமுறை பாத்திரத்தைக் குலுக்குங்கள். நான்கைந்து நிமிடங்களில் ஓடுகள் திறந்துவிடும். உடனே இறக்கிப் பார்ஸ்லி தூவுங்கள். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டால், ததும்பி நிற்கும் ஆரஞ்சு நிறச் சதை சுருங்கி ரப்பராகிவிடும்.

இஞ்சி பூண்டு விழுது

இதற்கு வேண்டாம்.

குழம்பைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்ப்பது

ஓட்டுத் துணுக்குகள் அடியில் தங்கும். கரண்டியால் மேலாக மொண்டு ஊற்றுங்கள். கடைசி இரண்டு கரண்டி பாத்திரத்திலேயே கிடக்கட்டும். மொண்டதைத் தொட்டுக்கொள்ள ரொட்டி போதிய அளவு வாங்கியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.