டில்லி பால்கனியில் கறிவேப்பிலைக்குக் குளிர்கால இடம்

பஞ்சாங்கப்படி உத்தராயணம் தை பிறந்தால்தான். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. அன்று டில்லியில் உச்சிவெயில் சுமார் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் 21-ல் அதுவே 85. அதனால் ஜூனில் எட்டிப் பார்க்காத வெயில், மார்கழியில் தெற்கு பார்த்த பால்கனியின் உள்சுவர் வரை வரும். கறிவேப்பிலை, துளசித் தொட்டிகளை நவம்பர் கடைசிக்குள் அங்கே மாற்றிவிடுங்கள்.

தெற்கே எதிர்க்கட்டடம் இருந்தால் முதலில் ஒரு கணக்கு. உங்கள் பால்கனித் தரைக்கு மேல் அது எத்தனை மீட்டர் உயர்ந்திருக்கிறதோ, அதை 1.28-ஆல் பெருக்குங்கள். இடைவெளி அதைவிடக் குறைவு என்றால், சூரியன் உச்சிக்கு வரும் 12.20 மணிக்குக்கூடத் தரையில் வெயில் விழாது. 5 மீட்டர் உயரத்துக்கு 6.4 மீட்டர் இடைவெளி வேண்டும். நெருக்கமான சந்துகளில் கீழ்த்தளக்காரர்கள் மொட்டை மாடியை நம்புவதே மேல்.

குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்க்கும். பதறித் தண்ணீர் ஊற்றுவதுதான் செடியைக் கொல்லும்: வேர் மெல்லத்தான் உறிஞ்சும், மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் ஊற்றுங்கள். பொழுது நீளத் தொடங்கிவிட்டதே என்று உரம் போட வேண்டாம். ஜனவரிக் குளிர் பாக்கி இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் துளிர் கண்டதும் போடலாம்.