பழைய இராணுவத் துப்பாக்கிக்குக் குறைந்த செலவில் பித்தளைக் கூடு தேடுவது எப்படி?

குன்னூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு .303 துப்பாக்கி அறிமுகமில்லாத பொருள் அல்ல. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அடுத்த ரயில் நிலையமான அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. நூல் நூலாக இருக்கும் அந்தக் கார்டைட் மருந்துதான் பல பத்தாண்டுகள் .303 தோட்டாக்களுக்குள் அடைக்கப்பட்டது. இந்த மலையிலிருந்து போய்க் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்களில் சிலர், தாத்தா தோளில் சுமந்த அதே லீ-என்ஃபீல்டு ரகத் துப்பாக்கியை முறையான உரிமத்துடன் வாங்கி, அங்குள்ள கிளப்புகளில் இலக்குப் பலகையை நோக்கிச் சுடுகிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: துப்பாக்கி மலிவாகக் கிடைத்துவிட்டது, தோட்டாவின் விலைதான் கட்டுப்படியாகவில்லை, நாங்களே நிரப்பிச் சுடுவதற்குப் பித்தளைக் கூடுகளை எங்கே வாங்குவது? அவர்களுக்காகவும், அவர்களைப் போலப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் சட்டத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும்கூட அச்சட்டம் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே கீழே சொல்பவை எவையும் நீலகிரியில் வீட்டில் செய்து பார்ப்பதற்கானவை அல்ல. எஸ்டேட்டில் மண் வெட்டும்போதோ பழைய பங்களாவின் பரணைச் சுத்தம் செய்யும்போதோ ஒரு பழைய தோட்டா கண்ணில் பட்டால், அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தாங்கள் வாழும் நாட்டின், மாநிலத்தின் விதிகளை முதலில் படித்துக்கொள்ள வேண்டும். மருந்தின் வகையும் அளவும் இக்கட்டுரையில் இல்லை. அவற்றுக்கு மருந்து தயாரிக்கும் நிறுவனம் வெளியிடும் கையேட்டைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது.

முதல் படி: கணக்கைச் சரியாகப் போடுங்கள்

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடி), மருந்து, குண்டு, இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரு முறை சுட்டதும் தீர்ந்துவிடும். கூடு மட்டுமே மீண்டும் பயன்படும். எனவே கூட்டின் விலையை அதை வாங்கிய விலையாகப் பார்க்காமல், அது தாங்கும் முறைகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு டாலருக்கு வாங்கிய கூடு பத்து முறை தாங்கினால் ஒரு முறைக்குப் பத்து சென்ட் ஆகிறது. முப்பது சென்டுக்கு வாங்கிய கூடு இரண்டு முறையில் வெடித்துப் பிளந்தால் பதினைந்து சென்ட் ஆகிறது. மலிவு என்று நினைத்து வாங்கியதுதான் விலை கூடியது. பிளந்த கூட்டிலிருந்து பின்னோக்கிச் சீறும் வாயு கண்ணுக்கு என்ன செய்யும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இரண்டாம் படி: துப்பாக்கி எந்தக் கூட்டைக் கேட்கிறது என்று அறியுங்கள்

லீ-என்ஃபீல்டு என்ற பெயரை வைத்து மட்டும் கூடு வாங்கக் கூடாது. முதல் உலகப் போரின் மூன்றாம் மார்க் (Mk III) ரகமும் இரண்டாம் உலகப் போரின் நான்காம் எண் (No. 4) ரகமும் .303 தோட்டாவை ஏற்பவை. ஆனால் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960-களிலிருந்து தயாரிக்கப்பட்ட 2ஏ, 2ஏ1 ஆகியவை, தோற்றத்தில் அதே துப்பாக்கியாக இருந்தாலும், 7.62×51 தோட்டாவுக்கானவை (முதல் எண் குண்டின் விட்டத்தையும் இரண்டாவது கூட்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும்). குழாயிலும் உடலிலும் பொறித்திருப்பதைப் படியுங்கள். பழைய துப்பாக்கியானால், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டி, தோட்டா அமரும் அறையின் அளவைச் சரிபார்த்த பிறகே கூட்டுக்குக் காசு கொடுங்கள்.

மூன்றாம் படி: பாக்சரா, பெர்டானா என்று பாருங்கள்

புதியவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இங்கேதான். சுட்ட கூட்டின் வாயில் டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். நடுவில் ஒரே துளை தெரிந்தால் அது பாக்சர் வகை. பிரைமரை ஓர் ஊசியால் தள்ளி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். நடுவில் ஒரு மேடும் அதன் இருபுறமும் இரண்டு சிறு துளைகளும் தெரிந்தால் அது பெர்டான். அதில் ஊசியைச் செலுத்தினால் ஊசிதான் உடையும். அதற்கான பிரைமரும் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு வாளி பெர்டான் கூட்டை இலவசமாகக் கொடுத்தாலும், தொடக்கநிலையில் இருப்பவர் வாங்காமல் இருப்பதே நல்லது.

கூடவே ஒரு சிறு காந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் துப்பாக்கிக்கான 7.62×54 ரிம் (அடியில் விளிம்புள்ள) தோட்டாக்களில் பல, மேலே செம்பு பூசிய அல்லது அரக்கு பூசிய எஃகுக் கூடுகள். கண்ணுக்குப் பித்தளை போலத் தெரிந்தாலும் காந்தம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

நான்காம் படி: அடிப்பக்க முத்திரையைப் படியுங்கள்

கூட்டின் அடியில் பிரைமரைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்துகள் அது பிறந்த இடத்தையும் ஆண்டையும் சொல்லும். கே.எஃப். என்று இருந்தால் அது புனேக்கு அருகிலுள்ள கிர்க்கித் தொழிற்சாலையில் பிறந்தது. நம் நாட்டுப் படைகள் பயன்படுத்தியது. பி.ஓ.எஃப். என்பது பாகிஸ்தான். 7 என்ற எண் .303-இன் ஏழாம் மார்க் ரகத் தோட்டாவைக் குறிக்கும். அதையடுத்து இசட் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கார்டைட்டுக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து இருந்தது என்று பொருள். கே.எஃப். முத்திரையைக் கண்டதும் ஊர்ப்பாசம் வருவது இயல்புதான்; ஆனால் அவை பெர்டான் கூடுகள், சேகரித்து வைக்கலாமே தவிர மறுபடி நிரப்ப உதவாது. கிரீஸ் நாட்டின் எச்.எக்ஸ்.பி. முத்திரையுள்ள .303 கூடுகள் பாக்சர் வகை; பித்தளையும் கெட்டியானது. எங்கேயாவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இராணுவக் கூடுகளை வேறொரு காரணத்துக்காகவும் தவிர்க்கச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பிரைமர்கள் பலவற்றில் பாதரசக் கலவை இருந்தது. சுடும்போது வெளிப்படும் பாதரசம் பித்தளைக்குள் ஊடுருவி, அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கிவிடுகிறது. வெளியே பளபளப்பு குறையாததால் பார்வையில் இது பிடிபடாது.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது?

என் அனுபவத்தில் நான் முதலில் பரிந்துரைப்பது, வெற்றுக் கூடாக வாங்காமல், செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் போன்ற நிறுவனங்களின் நிரப்பிய தோட்டாவையே சில பெட்டிகள் வாங்கி, உங்கள் துப்பாக்கியில் சுட்டு, கூடுகளைச் சேர்த்து வைப்பதுதான். அந்த நிறுவனம் .303, 7.62×54 ரிம், 8×57 மவுசர், 7.5 சுவிஸ் என்று பழைய இராணுவ அளவுகள் பலவற்றைப் பாக்சர் கூட்டில் தயாரிக்கிறது. முதல் தடவை சுட்டதற்கான விலையோடு கூடும் கைக்கு வந்துவிடுகிறது; அதைவிட முக்கியமாக, அந்தக் கூடு இதுவரை எத்தனை முறை சுடப்பட்டது என்பது உங்களுக்கு ஐயமறத் தெரியும்.

இரண்டாவது வழி கிளப். கூடுகளைச் சேர்த்து வைக்காத உறுப்பினர்கள் எப்போதும் இருப்பார்கள். அனுமதி கேட்டுவிட்டு, அவர்கள் பெட்டி பிரித்துச் சுடுவதை நேரில் பார்த்து அந்தக் கூடுகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்குவது வேறு விஷயம். அதன் வரலாறு யாருக்கும் தெரியாது. மூன்றாவது, வயதாகி இந்தப் பொழுதுபோக்கை விட்டவர்களின் வீட்டு விற்பனை. அங்கே கூடுகளோடு டை (கூட்டை வடிவமைக்கும் அச்சு), பிரஸ் (கூட்டை அதற்குள் அழுத்தும் கருவி) போன்றவையும் சேர்ந்து நல்ல விலைக்குக் கிடைப்பதுண்டு. ஆனால் யாரோ நிரப்பி வைத்த தோட்டாக்களை, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சுடக் கூடாது.

8×57 மவுசர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும் .30-06 கூட்டின் அடிப்பகுதியும் மவுசர் கூட்டின் அடிப்பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு. 63 மில்லிமீட்டர் நீளமுள்ளதை வெட்டி 57-க்குக் கொண்டுவந்து டையில் அழுத்தி வடிவமைக்கலாம். இதில் கழுத்தின் சுவர் தடித்துவிடும் என்பதால், அதை அளந்து சீவும் பழக்கம் வந்த பிறகே இந்த வேலையில் இறங்க வேண்டும். .303-க்கு இப்படி எளிய மாற்று எதுவும் இல்லை.

ஆறாம் படி: ஒவ்வொன்றையும் கையால் சோதியுங்கள்

லீ-என்ஃபீல்டில், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் தாங்கும் பூட்டுகள் பின்புறம் இருக்கின்றன. சுடும்போது அந்த அமைப்பு சற்று நெகிழ்கிறது. போர்க்களத்துச் சேற்றிலும் தோட்டா தடையின்றி உள்ளே போக வேண்டும் என்பதற்காக அறையையும் தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் கூடு நீள்கிறது; அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. அந்த இடத்தில்தான் கூடு இரண்டாக அறும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் செங்கோணமாக வளைத்து, அரத்தால் கூராக்கிக்கொள்ளுங்கள். அதைக் கூட்டுக்குள் அடிவரை இறக்கி, சுவரை ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில், அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நிற்பதை விரல் உணரும். வெளியே அதே உயரத்தில் மெல்லிய பளிச்சென்ற வளையம் தெரிந்தால் ஐயமே வேண்டாம். கழுத்தில் மயிரிழை விரிசல், தளர்ந்த பிரைமர்க் குழி, தீயில் பட்டுக் கறுத்த உடல் ஆகியவையும் ஒதுக்கவேண்டியவையே. தீயில் பட்ட பித்தளையின் அடி இளகிப் போயிருக்கும், அழுத்தத்தைத் தாங்காது.

ஏழாம் படி: கூட்டின் ஆயுளை நீட்டுங்கள்

சுட்ட கூடு உங்கள் துப்பாக்கியின் அறைக்கு ஏற்றபடி விரிந்து நிற்கிறது. அதை முழுவதுமாகப் பழைய அளவுக்கு அமுக்கினால் அடுத்த முறை மீண்டும் நீளும், மீண்டும் மெலியும். குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் டையில் அமுக்கினால் இந்தத் தேய்மானம் பெருமளவு குறைகிறது. அப்படிச் செய்த கூட்டை அதே துப்பாக்கியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆகவே துப்பாக்கிக்கு ஒரு டப்பா, முத்திரைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, எத்தனை முறை சுட்டது என்பதை மூடியில் எழுதி வையுங்கள். .303 கூட்டின் நீளம் 56.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சீவிவிட வேண்டும்.

எட்டாம் படி: கழுவுதலும் சேமிப்பும்

நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது அமிலம் பித்தளையின் கறையைக் கரைப்பதால்தான். கூடுகளுக்குப் புளி வேண்டாம், பிசுபிசுப்பு உள்ளே தங்கும். சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் சிறிதளவு கரைத்துச் சில நிமிடங்கள் ஊறவைத்து அலசினால் போதும். நீண்ட நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். பிரைமர்க் கரியில் ஈயம் இருப்பதால் சமையலறைப் பாத்திரத்தையும் தொட்டியையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடவே கூடாது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முழுவதும் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், மழை விட்டதும் எடுத்துப் பார்த்தபோது கழுத்தில் விரிசல் விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அந்த விரிசலை உண்டாக்கின என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அதே பித்தளையில்தான் இன்றைய கூடுகளும் செய்யப்படுகின்றன. ஆகவே உரமூட்டை, கழிவறைத் துப்புரவுத் திரவம், கோழிக்கூண்டு ஆகியவற்றுக்கு அருகில் கூடுகளை வைக்காமல், உலர்ந்த இடத்தில் மூடிய டப்பாவில் வையுங்கள்.

சோதனையில் ஒதுக்கிய கூடுகளின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுத் தனி வாளியில் போடுங்கள். நசுக்காமல் விட்டால் அவை தவறி நல்ல கூடுகளோடு கலந்துவிடும். வாளி நிறைந்ததும் பழைய பித்தளை வாங்குபவரிடம் எடைக்குப் போட்டு, அந்தப் பணத்தை அடுத்த பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.