கதைக்காமல் விடுவதால் உடையும் பாண்டுகள்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ட்ரம்மர் கனடா போகிறார் என்பதை எங்களுக்குச் சொன்னது அவருடைய அம்மா. வழமைபோல சனிக்கிழமை பின்னேரம் கோண்டாவிலில் அவர்கள் வீட்டு முன்னறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தோம். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவர், "இனி உங்களுக்கு ஆர் தம்பி அடிக்கிறது?" என்று கேட்டார். விசா வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. ட்ரம்மர் எங்களிடம் மறைக்க நினைக்கவில்லை, சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூச்சத்தால் ஏழு பாட்டுகள் பாதியில் நின்றன. ட்ரம்ஸை ஒரு பாட்டுக்குக்கூடப் பதிவு செய்து வைத்திருக்கவில்லை, எந்தப் பாட்டு என்ன வேகம், எங்கே நிறுத்தி எங்கே எடுப்பது என்பதெல்லாம் அவருடைய கையிலும் காலிலும் மட்டுமே இருந்தது.

பொப் பங்க் (வேகமான, கத்திப் பாடுகிற கிற்றார் இசை), றொக் என்று சொந்தப் பாட்டோடு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது என்ன கிற்றார் வாங்கலாம், எந்த அம்ப் நல்லது என்றுதான். அதை யாரும் சொல்லித் தருவார்கள். நான் கேட்பது வேறு: உங்களில் யார் எப்போது ஊரை விட்டுப் போவீர்கள்? உயர்தரப் பரீட்சை முடிவு வந்தால் ஒருவர் மொறட்டுவைக்கு, ஒருவர் பேராதனைக்கு, இன்னொருவருக்கு அண்ணா லண்டனில் இருந்து ஸ்பொன்ஸர் செய்வார். இது திடீரென்று வருகிற விபத்து இல்லை, எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். இதைப் பற்றி முதல் மாதமே கதைக்காமல் விடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

அதனால் ஒரு பாட்டு முடிந்தவுடன், அது அரைகுறையாகத் தோன்றினாலும் சரி, ஒரே வேகத்தில் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் போட்டு ட்ரம்ஸை ஒருமுறை பதிந்துவிடுங்கள். நல்ல ஸ்ரூடியோ தேவையில்லை, இரண்டு மைக்கும் ஒரு லப்டொப்பும் போதும். நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று வேகத்தை எண்ணாக எழுதுங்கள், 172 என்றால் 172. மெட்ரோனோமோடு பதிந்த ட்ரம்ஸ் இருந்தால் ஆள் ரொறன்ரோவில் இருந்தும் வாசித்து அனுப்பலாம், புதிதாக வருகிறவரும் கெதியாகப் பிடித்துக்கொள்வார். அந்தக் கோப்புகள் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒரே ஆளின் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் முழு அல்பத்தையும் வைத்திருந்து, அது விழுந்து போனதால் முழுவதையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் காசு. இங்கே நண்பர்களுக்குள் காசு கதைப்பது ஏதோ பாவம் மாதிரி. "நாங்கள் என்ன யாபாரமா செய்யிறம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு ஒரு பாட்டு வடிவாக ஓடத் தொடங்கும், யாராவது குறும்படக்காரர் அதைக் கேட்டு வருவார், அப்போதுதான் அந்தப் பாட்டு யாருடையது என்ற கேள்வி வரும். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவானவுடனே உரிமையும் உண்டாகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 70 வருஷமும் அது நிற்கும். சட்டம் உரிமையைத் தரும், ஆனால் உங்கள் நாலு பேரில் யார் எவ்வளவு எழுதியது என்று அதற்குத் தெரியாது. எங்கள் வகைப் பாட்டில் இது இன்னும் சிக்கல்: ஒருவர் கிற்றாரில் நாலு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கொண்டுவருவார், பாடுகிறவர் வரி எழுதுவார், ட்ரம்மர் வேகத்தை இரட்டிப்பாக்கி முழுப் பாட்டையும் வேறாக்கிவிடுவார். அவரும் எழுதியவரா? என் அபிப்பிராயம், ஆம். உங்கள் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பாட்டு முடிந்த அன்றே ஒரு கொப்பியில் பாட்டின் பெயர், திகதி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கள். போகிறவருக்குப் பழைய பாட்டில் பங்கு தொடருமா, பாண்டின் பெயர் யாரிடம் இருக்கும் என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.

பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, பதிவு செய்த ஓடியோவுக்கு இன்னொரு உரிமை. நாங்கள் ஒரு ஸ்ரூடியோவில் காசு கட்டி மூன்று பாட்டுப் பதிந்தோம், மிக்ஸ் பண்ணிய ஓடியோ மட்டும் கைக்கு வந்தது. ஒவ்வொரு வாத்தியமும் குரலும் வேறுவேறாக உள்ள தனித்தனி ட்ராக்குகளைக் கேட்டபோது அது ஸ்ரூடியோவுக்குச் சொந்தம் என்றார்கள். வாயால் கதைத்ததைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. காசு கட்டுவதற்கு முன்பே ஒரு வட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி, எல்லா ட்ராக்கும் எங்களுக்குத் தரப்படும் என்று பதில் வாங்கிவிடுங்கள். தெரிந்தவர்கள், நல்ல ஆக்கள் என்பதெல்லாம் வேறு விஷயம். அமெரிக்கப் பங்க் பாண்டான கிரீன் டேயின் முதல் இரண்டு அல்பங்களை வெளியிட்டது லுக்அவுட் என்ற சின்ன சுயாதீன லேபல், அவர்கள் இருந்த அதே வட்டாரத்து ஆக்கள். அப்படியிருந்தும் ரோயல்ரி (பாட்டுக்கு வரவேண்டிய பங்குக் காசு) ஒழுங்காக வராததால் 2005-இல் அந்த அல்பங்களைக் கிரீன் டே திரும்ப எடுத்துக்கொண்டது.

ஸ்ரூடியோவைப் பற்றி இன்னொன்று. அங்கே போய்ப் பாட்டை யோசிக்காதீர்கள், மணித்தியாலக் காசு ஓடிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் பஸ்காக்ஸ் என்ற பங்க் பாண்ட் 1976 டிசெம்பரில் 500 பவுண் கடன் வாங்கி, நாலு பாட்டை ஒரே நாளில் பதிந்து, 1977 ஜனவரியில் தாங்களே 1000 பிரதி அடித்து வெளியிட்டார்கள். ஒரே நாளில் முடிந்ததென்றால் அதற்கு முதலே பாட்டுகள் கையில் ஊறியிருந்தன. பன்னிரண்டு பாட்டு அல்பம் என்று மூன்று வருஷம் இழுப்பதை விட, ஆக்கள் ஊரில் இருக்கும்போதே நாலு பாட்டை முடித்து வெளியே விடுங்கள். கிற்றார் பதியும்போது டிஸ்டோர்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) குறையுங்கள். மேடையில் நல்லாய்க் கேட்கிற அளவு, பதிவில் இரண்டு கிற்றாரும் சேர்ந்தவுடன் கூழாகிவிடும். அளவைக் குறைத்து ஒரே பகுதியை இரண்டு தரம் வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தால் சுவர் மாதிரி நிற்கும்.

பாடுவதில் நடக்கிற தவறு ஒன்று எனக்கு மிகவும் கவலை தருவது. கலிபோர்னியாப் பொப் பங்க் பாடகர்கள் மூக்கால் பாடுவதைக் கேட்டு வளர்ந்து, எங்கள் பிள்ளைகளும் அதே குரலில் தமிழைப் பாடுகிறார்கள். ஆங்கிலத்தில் எந்த உயிரையும் இழுக்கலாம். தமிழில் குறிலை இழுத்தால் சொல் மாறிவிடும், நீண்ட சுரத்தில் "விடு" என்பது "வீடு" ஆகும், "படம்" என்பது "பாடம்" ஆகும். இந்த இசை நிமிஷத்துக்கு 160, 180 தட்டு என்று ஓடுவது, வேகத்தில் நெடிலைச் சுருக்கினாலும் அதே கதைதான். கோரஸில் இழுக்கிற இடத்துக்கு நெடில் உள்ள சொல்லை வைத்து எழுதுங்கள், எழுதிய வரியை முதலில் மெட்டில்லாமல் அந்த வேகத்தில் வாயால் சொல்லிப் பாருங்கள். எங்கள் பேச்சுத் தமிழ் பாட்டுக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் 1960களிலும் 70களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய துள்ளிசை என்ற பொப் பாட்டுகளைக் கேட்க வேண்டும். எங்கள் ஆக்கள் கதைக்கிற தமிழிலேயே அந்தப் பாட்டுகள் வந்தன, இன்றைக்கும் கலியாண வீட்டில் அவற்றைப் போட்டால் எல்லாருக்கும் பாடமாக இருக்கிறது. வெளியே இருந்து வந்த இசையை இங்கே நட்டவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், நாங்கள் முதல் ஆக்கள் இல்லை.

மேடைக்கு வருவோம். முற்றவெளி, வீரசிங்கம் மண்டபம் மாதிரிப் பெரிய இடத்தில்தான் முதல் நிகழ்ச்சி என்று காத்திருந்து, அது நடக்காமலே கலைந்துபோன பாண்டுகள் உண்டு. அறுபது பேர் நிற்கக்கூடிய ஒரு அறை போதும், ஆனால் அங்கே மாதம் ஒருமுறை வாசியுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். 2007-இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி போடுவது கஷ்டம், ஆகவே கடைசிப் பாட்டை 9.45க்குள் முடிக்கிற மாதிரி ஆறு மணிக்கே தொடங்குங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் நிகழ்ச்சி வைக்காதீர்கள். பரியோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் கிரிக்கெட் பிக் மட்ச் நடக்கும் நாட்களிலும் ஒருவரும் வரமாட்டார்கள், அதற்கு அடுத்த கிழமை என்றால் நல்லது.

சவுண்ட் பொறுப்பாளரோடு கதைக்காமல் மேடை ஏறுவது அடுத்த தவறு. இங்கே சவுண்ட் போடுகிற அண்ணாமார் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் பழகியது கோயில் கச்சேரிக்கும் மெல்லிசைக் குழுவுக்கும். குரலைத் தூக்கி வைத்து, எக்கோ போட்டு, கிற்றாரைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த இசைக்கு அதுதான் சரி. எங்களுக்கு எக்கோ இல்லாத குரலும், கிக் ட்ரம்மும் பேஸும் ஒன்றாக இறுகி வருவதும் வேண்டும். இரண்டு நாளுக்கு முன்பே நேரில் போய் உங்கள் பாட்டு ஒன்றைக் கேட்கக் கொடுத்து, எத்தனை மைக், எது எதற்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மரியாதையாகக் கேட்டால் ஆசையோடு செய்வார்கள், மேடையில் நின்று மைக்கில் "சவுண்ட் கூட்டுங்கோ" என்று கத்தினால் அந்த இரவு முழுக்க உங்களுக்கு நல்ல சவுண்ட் கிடைக்காது. சின்ன அறையில் ட்ரம்ஸுக்கு மைக்கே தேவைப்படாது, மற்றவர்கள் அந்த அளவுக்குத் தங்கள் அம்பைக் குறைக்க வேண்டும். ஜெனரேற்றரில் ஓடும்போது எர்த் சரியில்லாவிட்டால் கிற்றார் இரையும், மைக்கில் உதடு பட்டால் ஷொக் அடிக்கும், எனவே தொடங்க முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கடற்காற்றுக்கும் வியர்வைக்கும் கம்பிகள் கெதியாகத் துருப்பிடிக்கும். மேலதிகக் கம்பி ஒரு செற் எப்போதும் பையில் இருக்கட்டும்.

இணையத்தில் வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக. பெயர் வைக்க முன் ஸ்பொட்டிஃபையிலும் யூரியூப்பிலும் தேடுங்கள். பிளிங்க் என்ற பெயரில் அயர்லாந்தில் ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால்தான் 1995-இல் அமெரிக்கப் பாண்ட் பெயருக்குப் பின்னால் 182 சேர்த்தது. ஆங்கில எழுத்தில் ழகரத்தையும் ளகரத்தையும் எப்படி எழுதுவது என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டு மாற்றாதீர்கள், மாற்றினால் உங்கள் பாட்டுகள் இரண்டு பாண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். வெளியிடும் திகதிக்குக் குறைந்தது 7 நாள் முன்பு பாட்டை ஏற்றினால்தான் ஸ்பொட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்க நேரம் இருக்கும், மூன்று கிழமை என்றால் இன்னும் நல்லது. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 தரம் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ரோயல்ரி கிடையாது. அதற்காகக் காசு கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டுகிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள், பிடிபட்டால் பாட்டையே எடுத்துவிடுவார்கள். பாட்டை இந்தத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தின் கட்டணம் வருடாந்தமா ஒரே தடவையா என்றும், காசு இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியால் வரும் என்றும் சேர முன்பே பாருங்கள். வருடாந்தம் கட்டுகிற இடத்தில் ஒருவருடைய கார்ட் காலாவதியானால் எல்லாப் பாட்டும் மறைந்துவிடக்கூடும். புதுப் பாட்டைப் பற்றிப் பதிவிடும்போது நேரத்தையும் பாருங்கள். கோடையில் இங்கே இரவு பத்து மணி என்றால் ரொறன்ரோவில் மத்தியானம் பன்னிரண்டரை, மதிய இடைவேளையில் போனைத் திறக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் அப்போதுதான் பார்ப்பார்கள்.

கடைசியாக அயல். ட்ரம்ஸ் வீட்டுக்கு வந்த முதல் நாளே மதிலுக்கு அங்கால் இருக்கிற அன்ரியிடம் போய், எந்த நாள் எத்தனை மணிக்கு அடிப்போம் என்று சொல்லி அவருடைய போன் இலக்கத்தையும் வாங்கி வாருங்கள். அவர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த ஒரு மாதமும் ட்ரம்ஸைப் போர்த்துவிட்டு, முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு புதுப் பாட்டுக்கு வரி எழுதுங்கள்.