‘அந்தக்காலத்து’ என்று எழுதும்போது

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போய்வந்து எழுதும் பயணக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. நிறையப் பேர் “பழமையான அழகு மிக்க செட்டிநாட்டு வீடு” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். படிக்கிறவர் கண்ணில் எந்த வீடும் தெரிவதில்லை.

‘பழைய வீடு’ என்றால் நாளைக்கு இடிக்கப்போகிற வீடாகவும் இருக்கலாம். ‘தொன்மையான’ என்பதைக் கீழடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்து வீட்டுக்கு அது தாங்காது. ‘பாரம்பரிய’ ஓட்டல் பலகைகளிலேயே தேய்ந்துவிட்டது. பார்த்ததும் மனசுக்குப் பிடித்துப்போகிற பழசுக்கு நான் எடுப்பது ‘அந்தக்காலத்து’.

அதையும் ஊர் மேலோ முழு வீட்டின் மேலோ ஒட்டாதீர்கள். கைக்கு எட்டுகிற ஒரு பொருளுக்கு முன்னால் வையுங்கள், பக்கத்தில் ஒரு ஆளையும் வையுங்கள். “முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால் அந்தக்காலத்து பர்மா தேக்குத் தூண்கள், ஒன்றில் சாய்ந்தபடி ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.” இதில் அழகு என்ற சொல்லே இல்லை, ஆனால் அழகு இருக்கிறது. தூண் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்பதுதான் காரணம்.

அப்புறம், பொருள் நிஜமாகவே அந்தக்காலத்துதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி இன்றைக்கும் டைல்ஸ் செய்கிறார்கள். போன மாதம் பதித்த தரைக்கு “பழைய முறையில் செய்த” என்பதே நேர்மை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் விளிம்பு உதிர்ந்து தொங்கும் எனாமல் தூக்குவாளிக்கு ‘அந்தக்காலத்து’ தாராளமாகப் பொருந்தும்.

மனிதர்களுக்குப் போடும்போது கவனம் வேண்டும். “அவர் அந்தக்காலத்து மனுஷர்” என்று நிறுத்தினால் பாராட்டா குறையா என்று தெரியாது. “அந்தக்காலத்து மனுஷர், வாய்ச்சொல்லை நம்பியே சரக்குக் கொடுப்பார்” என்றால் சரி.

ஒரே ஒரு இடத்தில் இந்தச் சொல்லை நான் கட்டாயம் அடித்துவிடுவேன். புகையில் கண் எரியச் சமைக்கிற பெண்ணைப் பார்த்து “அந்தக்காலத்துச் சமையலறை” என்று ரசிக்கிற வாக்கியம் அது. அவருக்கு வேறு அடுப்பு வாங்க வழியில்லாமல் இருக்கலாம். ‘விறகடுப்பு’ என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு கட்டுரைக்கு ஒரு தடவை போதும். இரண்டு வந்துவிட்டால், எந்தப் பொருளை நீங்கள் அதிக நேரம் நின்று பார்த்தீர்களோ அதற்கு முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.